சிறுமலைக்குப் போனோம், அமைதி கண்டோமா?

தை பிறந்தால் நம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் சுற்றுலா அறிக்கை வந்துவிடும். தேர்வுக் கட்டண அறிக்கையை ஏறெடுத்தும் பாராத நண்பர்கள்கூட இதை மட்டும் முண்டியடித்துப் படிப்பார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வைகை அணைக்குப் போனதாக மூன்றாம் ஆண்டு அண்ணன்மார் சொல்வர். சென்ற ஆண்டு, நான் புதிதாகச் சேர்ந்திருந்தபோது, கோடைக்கானல். இவ்வாண்டு சிறுமலை. "மலைமேல் அமைந்த நீர்த்தேக்கத்தின் கரையில் அமைதியான ஓர் இயற்கைச் சுற்றுலா" என்று அறிக்கையில் கண்டிருந்தது. அந்த 'அமைதியான' என்னும் ஒரு சொல்லைப் பற்றியதே இக்கட்டுரை. பயணக் கட்டுரை எழுதும் எண்ணம் எனக்கில்லை. சென்ற ஆண்டு மலரில் கோடைக்கானலைப் பற்றி மூன்று கட்டுரைகள் வந்தன. மூன்றிலும் பனி வெண்பட்டாக விரிந்தது. மூன்றிலும் இயற்கை அன்னை புன்னகை புரிந்தாள். நான்காவதாக நானும் அவளைச் சிரிக்க வைக்க விரும்பவில்லை.

சிறுமலை நமக்கு வேற்றூர் அன்று. திண்டுக்கல் கோட்டைப் பாறைமீது ஏறி நின்றால் தென்கிழக்கே நீலமாகக் கிடப்பது அதுதான். நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். நத்தம் சாலையில் சென்று, சோதனைச் சாவடி தாண்டி, 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போதும். வியர்வை வடிந்த சட்டை குளிர்ந்துவிடும். ஆயினும் எங்கள் வகுப்பில் ஊட்டிக்குப் போய்வந்தவர்கள் பன்னிருவர். சிறுமலைக்கு முன்பே போய்வந்தவர்கள் இருவர்தாம். உள்ளூர் மாடு உள்ளூரில் விலை போகாது என்பது மலைக்கும் பொருந்தும் போலும்.

இளங்கோவடிகள் காலத்தில் இம்மலைக்கு இதைவிட மதிப்பு இருந்தது. சிலப்பதிகாரத்தில், மதுரைக்கு வழி கேட்ட கோவலனிடம் மாங்காட்டு மறையோன் மூன்று வழிகளைக் கூறுகிறான். கொடும்பாளூர் நெடுங்குளத்தை அடைந்ததும் வழி மூன்றாகப் பிரிகிறது. வலப்பக்க வழியில் போனால், வாழையும் கமுகும் தென்னையும் மாவும் பலாவும் சூழ்ந்த, பாண்டியனுக்குரிய சிறுமலை தோன்றும் என்கிறான். இடப்பக்க வழி அழகர்மலைக்குச் செல்வது. கோவலனும் கண்ணகியும் இரண்டையும் விட்டு நடுவழியில் போய்விட்டார்கள். வலப்பக்கமாக வந்திருந்தால் நம் மாவட்டத்துக்கும் காப்பியத்தில் ஒரு காதை கிடைத்திருக்கும்! அது போகட்டும். வழி சொல்பவன் ஒரு குளத்தங்கரையை அடையாளமாக வைத்தே வழி சொல்கிறான் என்பதை மட்டும் கவனிக்க வேண்டுகிறேன். நீர் தேங்கும் இடத்தைக் கொண்டுதான் அக்காலத்தில் ஊரையும் பாதையையும் அறிந்தனர்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. இரண்டு பேருந்துகள், தொண்ணூற்றிரண்டு மாணவர்கள், நான்கு பேராசிரியர்கள், மூன்று அண்டாக்கள், ஒரு ஒலிபெருக்கி. ஒலிபெருக்கி என்றால் அந்தக் காலத்துக் கூம்பு அன்று. கைப்பெட்டி அளவே உள்ளது, ஆனால் கூம்பு பத்தின் வேலையைச் செய்வது. முதல் வளைவில் தொடங்கிய பாட்டு பதினெட்டாம் வளைவு வரை ஓயவில்லை. காட்சி மேடையில் இறங்கிக் கீழே பார்த்தோம். நகரமும் கோட்டைப் பாறையும் சாலைகளும் மண்பொம்மைக் கொலு போலத் தெரிந்தன. அந்த இடத்தில் வாய் பேசாமல் நிற்கத்தான் யாருக்கும் தோன்றும். நாங்கள் பாட்டை நிறுத்தாமல் படம் எடுத்துக்கொண்டோம்.

ஏரியைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அது சிறியது. ஒரு கரையில் நின்று கூப்பிட்டால் மறு கரையில் கேட்கும். மனிதர் வெட்டிக் கரை போட்டுத் தேக்கியது. கோடைக்கானலைப் பார்த்துவந்த நண்பர்களுக்கு ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. "இவ்வளவுதானா?" என்றார் ஒருவர். "செயற்கை ஏரிதானே, இயற்கையானதாக இருந்தால் வேறு" என்றார் இன்னொருவர். கோடைக்கானல் ஏரியும் இயற்கை ஏரி அன்று என்பதை அவருக்கு நினைவூட்டினேன். 1863-இல் மதுரை மாவட்ட ஆட்சியர் லெவிஞ்சு முயற்சியால் ஓடைகளை மறித்து உண்டாக்கப்பட்டது அது. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையும் மனிதர் கட்டியதே. பென்னி குக் பெரியாற்றை மறித்துக் கட்டிய அணையை 1895-க்குப் பின் பிறந்த நம் மதுரைச் சீமை முழுவதும் உண்டு வாழ்கிறது. அதை யாரும் 'செயற்கை' என்று முகம் சுளிப்பதில்லை. மண்ணை வெட்டி, நாலு கல் அடுக்கி, மழைநீரை "கொஞ்சம் நில்" என்று கேட்டுக்கொண்ட இடம் எதுவாயினும் எனக்கு அழகியதே. நான் வேடசந்தூர்ப் பக்கத்துக்காரன் என்பதால் ஒருவேளை அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

உச்சி வேளைக்கு முன் ஒரு கால் மணி நேரம் ஒலிபெருக்கியின் மின்கலம் தீர்ந்து போயிற்று. அப்போதுதான் நாங்கள் எங்கே வந்திருக்கிறோம் என்று தெரிந்தது. சவுக்கு மரங்களைப் போல நெடிதுயர்ந்த மரங்கள் காற்றில் உரசும் ஓசை (அவை சவுக்கு அல்ல, மிளகுக்கொடி ஏற்றுவதற்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரங்கள் என்று தாவரவியல் பேராசிரியர் திருத்தினார்), தண்ணீரில் ஏதோ மீன் துள்ளும் ஓசை, தொலைவில் ஒரு குதிரையின் மணி. ஆம், குதிரைதான். சாலை இல்லாத தோட்டங்களிலிருந்து வாழைத்தாரையும் எலுமிச்சை மூட்டையையும் இன்றும் குதிரைகளே சுமந்துவருகின்றன. அந்தக் கால் மணி நேரம்தான் அறிக்கையில் வாக்களிக்கப்பட்ட சுற்றுலா. பிறகு யாரோ ஒருவர் வேறு மின்கலம் கொண்டுவந்துவிட்டார்.

இனி நான் எழுத வந்த செய்திக்கு வருகிறேன்.

ஒரு காப்பித் தோட்டக்காரரின் அனுமதி பெற்று, அவர் தோட்டத்து ஓடையோரம் அடுப்பு மூட்டிப் பிரியாணி சமைத்தோம். திண்டுக்கல்காரர் மலைக்குப் போனாலும் பிரியாணி இல்லாமல் போவாரா? உண்டு முடித்ததும் அண்டாக்களை ஓடையில் இறக்கிக் கழுவத் தொடங்கினோம். நானும் கழுவினேன், அதை மறைக்க மாட்டேன். எண்ணெயும் மசாலாவும் சோப்பு நுரையும் சேர்ந்து சிவப்பும் வெள்ளையுமாக ஓடையில் இறங்கிப் போயின. அப்போது கீழிருந்து இரண்டு குடங்களுடன் ஓர் அம்மையார் ஏறி வந்தார். நாற்பது வயது இருக்கும்.

"ஏப்பா, அந்த அண்டாவ அங்கிட்டு மேட்டுல வச்சுக் கழுவுங்கப்பா. கீழ எங்க ஊத்து இருக்கு. குடிதண்ணிப்பா."

"கொஞ்சம் எண்ணெய்தான் அக்கா, தண்ணியோட போயிரும்" என்றார் எங்களில் ஒருவர்.

"போகுமுல்ல. எங்க வீட்டுக்குத்தான் போகும்" என்றார் அவர்.

அதில் கோபமே இல்லை. அதுதான் எங்களைச் சுட்டது. குடங்களைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பாறைமீது அமர்ந்து, ஓடை தெளியட்டும் என்று காத்திருந்தார். நாங்கள் அண்டாக்களைத் தூக்கி மேட்டில் வைத்தோம். ஆனால் போன நுரை போனதுதானே. மூன்று மணிக்கு எங்கள் பேருந்துகள் புறப்பட்டபோதும் அவர் அங்கேதான் அமர்ந்திருந்தார்.

நண்பர்களே, இதைச் செய்தவர்கள் யார்? தண்ணீரின் அருமை அறியாத சீமான் வீட்டுப் பிள்ளைகளா? இல்லை. எங்கள் ஊரில் பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும். வருகிற நாளில் என் தாயார் வேலைக்குப் போகமாட்டார். குடங்களை வரிசையில் வைத்து, விடியும்முன் போய் நிற்பார். என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான். திண்டுக்கல் நகருக்கே ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம் நிரம்புமா என்பது ஆண்டுதோறும் எழும் கேள்வி. அதன் முழு ஆழமே 24 அடிக்குள்தான். நகரைச் சுற்றியுள்ள பல ஊர்களின் கிணறுகள் தோல் பதனிடும் தொழிலின் கழிவால் உவர்த்துப் போன கதை இம்மாவட்டத்தில் யாருக்குத் தெரியாது? மேலே இருந்தவர் தம் வேலையை முடித்துக்கொண்டு கழுவிவிட்டார். கீழே இருந்தவர் குடித்தார். "கொஞ்சம்தானே, தண்ணீரோடு போய்விடும்" என்று அவரும் சொல்லியிருப்பார். நாங்கள் ஒரே ஒரு பகல் மேலே இருந்தோம். அந்த ஒரு பகலிலேயே அவரைப் போலாகிவிட்டோம் என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

நீர் எங்கே போகிறது என்பதை நாம் கற்பதே இல்லை. வரலாற்று மாணவனாகிய எனக்கு ஐதர் அலி இக்கோட்டையில் இருந்த காலம் தெரியும். சிறுமலையில் விழும் மழை எங்கே போகிறது என்று தெரியாது. பிறகு கேட்டு அறிந்தேன். தென்சரிவில் பிறக்கும் சாத்தையாறு மதுரை மாவட்டத்தில் பாலமேட்டுக்கு அருகே அணையில் தேங்குகிறது. பாலமேடு என்றால் நமக்கு ஜல்லிக்கட்டு நினைவுக்கு வரும். அங்கே ஓர் அணையும், அதை நம்பிய வயல்களும் இருப்பது நினைவுக்கு வராது. திண்டுக்கல் பக்கத்துச் சந்தனவர்த்தினி ஆறும் இம்மலை ஓடைகளில் பிறப்பதே. பாலத்தைக் கடக்கும்போது "இதுவா ஆறு?" என்று கேட்கும்படி அது கிடக்கிறது.

நீருக்கு வேறொரு முகமும் உண்டு. எங்கள் பக்கத்தில் குடகனாற்றின் குறுக்கே கட்டிய அணை 1977-இல் வந்த பெருவெள்ளத்தில் உடைந்தது. மதகு ஒன்றைத் தூக்க முடியாமல் போக, வெள்ளம் கரைமேல் ஏறி வழிந்து கரையை அரித்துவிட்டது. என் பாட்டனார் இப்போதும் மழை இரவுகளில் அதைச் சொல்லுவார். சொல்லி முடித்துவிட்டு, "அந்தத் தண்ணியில காவாசி இப்ப வந்தா என்ன?" என்று பெருமூச்சு விடுவார். இரண்டையும் கண்ட மனிதர் அவர். நீர்த்தேக்கத்தைப் பார்த்தால் எங்களைப் போல் படம் எடுக்கமாட்டார். மதகு எங்கே என்று முதலில் தேடுவார்.

திரும்பும் வழியில் பேருந்தில் பெரிய வாதம் நடந்தது. எங்களோடு வந்த பேராசிரியர் ஒருவர், "இனி மலைக்குச் சுற்றுலாவே வேண்டாம், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு நடந்துகொள்ளத் தெரியவில்லை" என்றார். அவர் மனம் வருந்திச் சொன்னார். அவரை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. போகாமலே இருந்திருந்தால் அந்த அம்மையாரை நான் கண்டிருக்கமாட்டேன். ஓடை எங்கே போகிறது என்று கேட்டிருக்கவும் மாட்டேன். மலையை அறியாத இளைஞன் நாளைக்கு அலுவலராகி மலையைப் பற்றிக் கோப்பில் எழுதப்போகிறான். அவன் ஒருமுறையேனும் அங்கே நின்றிருக்க வேண்டும்.

இன்னொரு கூட்டத்தார் கருத்து வேறு. ஏரியைச் சுற்றிச் சுவர் எழுப்பி, நீரூற்று, வண்ண விளக்கு, சிலை, உணவு விடுதி எல்லாம் வைத்தால் ஒழுங்கு தானே வந்துவிடும் என்றனர். அப்படி அழகு செய்த இடங்களில் நான் கண்டது அழகிய சுவரும், அதன் மறுபுறம் குப்பையுமே. மேலும், 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற ஆணைப்படி கோடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் இல்லாமல் வண்டிகள் செல்ல முடியாது. அங்கே கதவு ஒருக்களித்துச் சாத்தப்பட்டால் கூட்டம் அடுத்த மலையைத் தேடும் என்பது என் கணிப்பு. அடுத்த மலை எது? நம் வீட்டு வாசலில் நிற்பதுதான். விளக்குப் போட்டு அதை வேறு அழைக்க வேண்டுமா?

சட்டம் போதாதா என்று கேட்கலாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் 2019 சனவரி முதல் தடை உண்டு. நாங்கள் கொண்டுபோன தட்டும் குவளையும் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. மலையில் உடைந்து கிடக்கும் மதுப்புட்டிகள் விலங்குகளின் காலைக் கிழிப்பதைக் கண்டு, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாய் என்னும் திட்டம் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022-இல் நீலகிரியில் தொடங்கிற்று. நல்ல திட்டம். ஆனால் சிறுமலை ஏரிக்கரையில் அன்று என் செருப்பில் ஏறிய கண்ணாடித் துண்டு எந்தச் சட்டத்தையும் படித்ததாகத் தெரியவில்லை. அங்கே செருப்பில்லாமல் நடக்கும் மனிதர்கள் உண்டு, காட்டுமாடுகளும் உண்டு.

ஒன்றை நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது. மாசி மாதம், காய்ந்த சருகு கணுக்கால் அளவு. மூன்று அடுப்பு மூட்டினோம். புறப்படும்போது தணலை நீரூற்றி அணைத்தவர் யார்? நான் அணைக்கவில்லை. பலரைக் கேட்டேன், ஒவ்வொருவரும் மற்றவர் அணைத்திருப்பார் என்றே நினைத்திருந்தனர். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்ற 23 பேர் மாண்டனர். எங்களைப் போல் இயற்கையைக் காணச் சென்றவர்களே அவர்கள். காய்ந்த மலையில் ஒரு தீ எவ்வளவு விரைவாக ஓடும் என்பதை அதன் பிறகும் நாம் கற்கவில்லை. அன்று எங்கள் அடுப்பால் ஒன்றும் நேரவில்லை. காற்று எங்கள் பக்கம் இருந்தது. வேறு காரணம் இல்லை.

வாழைப்பழக் கதையையும் சொல்லிவிட வேண்டும். பகல் உணவுக்கென்று நாங்கள் நகரிலிருந்து ஒரு தார் பச்சைநாடன் வாங்கிக்கொண்டு சிறுமலைக்கு ஏறினோம்! கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனது போல. விருப்பாட்சி மலைவாழையோடு சிறுமலை வாழையும் புவிசார் குறியீடு பெற்றது. பழனிப் பஞ்சாமிர்தத்தின் மணத்துக்குக் காரணம் மலைவாழையே. அப்பஞ்சாமிர்தம் 2019-இல் தானும் அக்குறியீடு பெற்றது. ஆனால் அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோய் வந்து இம்மலைகளில் வாழைத் தோட்டங்கள் பெருமளவு அழிந்தன. விட்டுவிடாமல் இன்னும் நடுகிறவர்களின் வாசலைக் கடந்து, பச்சைநாடனைத் தோளில் சுமந்து போனோம். தொண்ணூற்றிரண்டு பேர் மலைக்குப் போய் மலைமக்களிடம் ஒரு ரூபாய்க்குக்கூட வாங்காமல் வந்தோம். விட்டுவந்தது மட்டும் நிறைய. இதற்குப் பெயர் சுற்றுலாவா?

ஆகவே என் கருத்து இது. சிறுமலைக்கு மீண்டும் போக வேண்டும். ஆனால் மாசியில் வேண்டாம், கார்த்திகையில் போக வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிறைந்து, சருகு நனைந்திருக்கும் காலம் அது. ஒரே பேருந்து போதும். இடம் கிடைக்காதவர் அடுத்த ஆண்டு வரட்டும். சமையல் வேண்டாம், பழையூரிலோ புதூரிலோ முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அவ்வூர்ப் பெண்கள் குழுவாகச் சமைத்துத் தரக்கூடும், அதற்குரிய பணத்தைக் கொடுத்து உண்போம். கல்லூரி விடுதிப் பிரியாணியைவிட அது சுவையாக இருக்காதா என்ன? ஒலிபெருக்கியை வைகை அணைக்கு எடுத்துச் செல்லுங்கள், நானும் ஆட வருகிறேன், சிறுமலைக்கு வேண்டாம். பாட்டு எனக்குப் பகை அன்று. ஆனால் அந்தக் கால் மணி நேரத்தை முழுப் பகலாக ஒருமுறை கேட்டுப் பார்க்க ஆசை.

"சட்டம் பேசுகிறான், சாமியாராகிவிட்டான்" என்று விடுதியில் என்னைக் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். அண்டா கழுவிய கையால் எழுதுகிறேன் என்பதை அவர்களே மறுக்க முடியாது.

சுற்றுலாக் குழுவிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். நாற்பது பேர் பெயர் கொடுத்தால் பேருந்துக்கு ஏற்பாடு செய்யலாம் என்று கூறியிருக்கிறார்கள். இதுவரை பதினொரு பேர் சேர்ந்துள்ளனர். அவர்களில், "தண்ணியோட போயிரும்" என்று சொன்ன நண்பரும் ஒருவர். விருப்பமுள்ளோர் மாலை நான்கு மணிக்குமேல் நூலகத்துக்கு எதிரே உள்ள வேப்பமரத்தடியில் என்னைக் காணலாம். அந்த அம்மையாரின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டோம். ஓடையோரத்துப் பாறை நினைவிருக்கிறது. அங்கே போய்த்தான் கேட்க வேண்டும்.